மீளாய்வின் முறைகளை மீளாய்வுக்குள்ளேயே சோதிப்பது எப்படி? – விவாத இழை

முதல்வரைவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிகிச்சையின் பலனைக் குறித்து எங்கள் குழு முறைசார் மீளாய்வு ஒன்றை, அதாவது அதுபற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து மதிப்பிடும் பணியை, தொடங்கவிருக்கிறது. சமவாய்ப்பு முறைச் சோதனைகளை (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் போல் ஒதுக்குபவை) மட்டுமே சேர்க்கிறோம். ஆய்வுத் திட்டம் எழுதி முடிந்துவிட்டது. ஆனால் மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் பிராஸ்பெரோ என்ற பதிவேட்டில் இன்னும் பதியவில்லை. பதிந்த பிறகு மாற்றுவது சங்கடம் என்பதால், இப்போதே உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

தலைப்புகளையும் சுருக்கங்களையும் இருவர் தனித்தனியே படித்து வடிகட்ட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் கைவந்த வழக்கம். இந்த வழக்கத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்வர்ட்ஸ் முதலானோர் 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் மட்டும் வடிகட்டியபோது தகுதியுள்ள அறிக்கைகளில் சராசரியாக 8 சதவீதம் கைநழுவின. இந்த அளவு 0 முதல் 24 சதவீதம் வரை வேறுபட்டது. கார்ட்லெனர் குழுவினர் இணையவழியில் 280 பேரைத் திரட்டி நடத்திய சமவாய்ப்புச் சோதனை 2020-ல் வெளிவந்தது. அதில் ஒருவர் படித்தபோது 13 சதவீதமும் இருவர் படித்தபோது 3 சதவீதமும் விடுபட்டன. ஆனால் அப்படித் திரட்டப்பட்டவர்கள், தேர்வு விதிகளைத் தாங்களே விவாதித்து எழுதிய ஒரு குழுவின் உறுப்பினர்கள் அல்லர். எங்களைப் போல் விதிகளை வரி வரியாகச் சண்டையிட்டு வகுத்தவர்களுக்கும் அதே எண் பொருந்துமா என்பது எனக்குத் திறந்த கேள்வியாகவே தெரிகிறது.

ஆகவே, எங்கள் மீளாய்வுக்குள் ஒரு சிறிய ஆய்வைப் பொதித்து வைத்து இதைச் சோதித்தால் என்ன என்று யோசிக்கிறோம். மருத்துவச் சோதனைகளுக்குள் நடத்தப்படும் முறையியல் ஆய்வுகளை 'ஸ்வாட்' என்கிறார்கள். மீளாய்வுக்குள் நடப்பவை 'ஸ்வார்'. இவற்றின் திட்டங்களைப் பதிந்து வைக்கும் களஞ்சியம் ஒன்று பெல்ஃபாஸ்டில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. சிகிச்சை தருபவரிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதுதான் நம் தொழில். அப்படிக் கேட்கிற நாம், நம் வேலையின் ஒவ்வொரு படியையும் பெரும்பாலும் பழக்கத்தின் பேரில்தான் செய்கிறோம். இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. இப்படிப்பட்ட ஆய்வை நடத்தியவர்களோ, நடத்த வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களோ இங்கே இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

தேடல்நூலகர் எழுதியது:

நல்ல முயற்சி. வடிகட்டலுக்குப் போவதற்கு முன் தேடல் கட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே இதைச் செய்வது மிக எளிது.

பிராமரும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட கட்டுரையில், 58 மீளாய்வுகளில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் எந்தெந்தத் தரவுத்தளத்திலிருந்து கிடைத்தன என்று ஆராய்ந்தார்கள். அவற்றில் 16 சதவீதம் ஒரே ஒரு தரவுத்தளத்தில் மட்டுமே இருந்தன. எம்பேஸ், மெட்லைன், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய நான்கையும் சேர்த்துத் தேடினால் 98.3 சதவீதம் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்கள் தங்கள் அன்றாடத் தேடல் பணியின் விவரங்களை முன்கூட்டியே ஒழுங்காகச் சேமித்து வந்தார்கள் என்பதுதான். இதற்காக யாரும் கூடுதலாக ஒரு தேடலைக்கூட நடத்த வேண்டியதில்லை. பதிவு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பைக் கடைசி வரை அழியாமல் காத்தாலே போதும்.

அந்தக் குறிப்புத்தான் நடைமுறையில் முதலில் அழிகிறது. இரட்டைப் பதிவுகளை நீக்கும்போது மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும். தூக்கப்பட்டதோடு அதன் மூலத்தளத்தின் பெயரும் போய்விடும். பிறகு "இந்தத் தளத்தில் தேடியிருக்கவே தேவையில்லையோ?" என்று கேட்டால் விடை சொல்ல எவரிடமும் தரவு இருக்காது. முதல்வரைவு அவர்கள் எந்த ஆய்வைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, மூலத்தளத்துக்கென்று ஒரு தனிக் களத்தை முதல் நாளே திறந்துவிடுங்கள்.

நிதானி எழுதியது:

உற்சாகத்தைக் குலைப்பதாக நினைக்க வேண்டாம். எனக்கு மூன்று தயக்கங்கள் உள்ளன. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

முதலாவது, நேரம். பிராஸ்பெரோவில் பதிவான மீளாய்வுகளைப் பார்த்து 2017-ல் வெளிவந்த கணக்கின்படி, பதிவு முதல் வெளியீடு வரை சராசரியாக 67.3 வாரங்கள் ஆகின்றன. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2007-ல், ஷோஜானியா குழுவினர் 100 மீளாய்வுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 7 சதவீதம் வெளியான அன்றே காலாவதியாகியிருந்தன. அதாவது தாமதம் என்பது நமக்கு மட்டும் நேரும் தொல்லையன்று. மீளாய்வை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு அது நட்டம். அந்தத் தாமதத்தின் மேல் நாமே இன்னொரு சுமையை ஏற்றுவது சரியா?

இரண்டாவது, எண்ணிக்கை. ஆயிரக்கணக்கான சுருக்கங்களைப் படித்தாலும் இறுதியில் சேருபவை இருபதோ முப்பதோதான். "எத்தனை தகுதியுள்ள ஆய்வுகள் தவறின?" என்ற கேள்விக்குப் பகுதி எண் அந்த இருபதுதானே தவிர, அந்த ஆயிரங்கள் அல்ல. இருபதில் ஒன்று தவறினால் 5 சதவீதம். ஒன்றுமே தவறவில்லை என்றாலும், புள்ளியியலில் சொல்லும் மூன்றின் விதிப்படி (மூன்றை எண்ணிக்கையால் வகுப்பது) உண்மையான தவறல் விகிதம் 15 சதவீதம் வரை இருக்கக்கூடும். இதிலிருந்து யார் எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. ஓர் ஆய்வு தவறுவது வேறு. அது தவறியதால் முடிவு மாறுவது வேறு. சிறிய, தரம் குறைந்த ஓர் ஆய்வு விடுபட்டால், எல்லா ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட தொகுத்த மதிப்பு அசையக்கூட அசையாது. அப்படியிருக்க, தவறலை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது வீட்டு வாசலில் வந்து போனவர்களை எண்ணிவிட்டு, உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்காமல் விடுவது போன்றது.

சமவாய்ப்பு எழுதியது:

நான் புள்ளியியல் பணியில் இருப்பவன். நிதானி அவர்களின் இரண்டாம் தயக்கம் கணக்குப்படி மிகச் சரி. ஒரு மீளாய்வுக்குள் நடக்கும் ஓர் ஆய்வு தனித்து நின்று எதையும் தீர்மானிக்காது. அதனால்தான் அதைத் தனித்து நிற்கும் ஆய்வாக நினைக்கவே கூடாது என்கிறேன். ஒரே திட்டத்தை, ஒரே விளைவளவுகளோடு (எதை அளந்து ஒப்பிடுவது என்பவை), பல குழுக்கள் தத்தம் மீளாய்வுகளில் நடத்தி, அவற்றின் எண்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, அதாவது தொகுபகுப்பாய்வு செய்தால்தான் பயன். சிறு சோதனைகள் தனித்தனியே எதையும் நிறுவாமல், சேர்த்துப் பார்க்கும்போது விடை தருகின்றன என்பதை நாம் சிகிச்சைகளில் கண்டுகொண்டே இருக்கிறோம். நம் முறைகளுக்கு மட்டும் வேறு நியாயம் கிடையாது. களஞ்சியத்தில் பதிவதன் அருமையும் இதுதான்: புதிய கேள்வியைக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கெனவே பதிவான ஒரு திட்டத்தை எடுத்து அப்படியே மறுபடி நடத்துவது பல சமயம் மதிப்புமிக்கது. முதல்வரைவு அவர்கள் முதலில் அங்கே போய்த் தேட வேண்டும்.

இனி வடிவமைப்பு. எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு: வழக்கம்போல் இருவரும் எல்லாவற்றையும் படிக்கட்டும், பிறகு இரண்டாமவரின் முடிவுகளை மறைத்துவிட்டு, முதலாமவர் மட்டும் இருந்திருந்தால் என்ன தவறியிருக்கும் என்று கணக்கிடலாம். இதற்குக் கூடுதல் உழைப்பு இல்லை. ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. தமக்குப் பின்னால் இன்னொருவர் படிக்கிறார் என்று தெரிந்தவர் படிக்கும் விதமும், தாம் விட்டால் அது போய்விடும் என்று தெரிந்தவர் படிக்கும் விதமும் ஒன்றல்ல. சுருக்கத்தில் சமவாய்ப்பு ஒதுக்கீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. "நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்" என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணை உண்டு என்று தெரிந்தவர் "மற்றவர் பார்த்துக்கொள்வார்" என்று தள்ளிவிடலாம். தனியாக இருப்பவர் முழுக்கட்டுரையை எடுத்துப் பார்க்கலாம் என்று குறித்து வைப்பார். ஆகவே இரட்டை வாசிப்பிலிருந்து பிரித்தெடுத்த எண், ஒற்றை வாசிப்பை உள்ளதைவிட மோசமாகக் காட்டக்கூடும்.

இதைத் தவிர்க்கப் பதிவுகளைத் தொகுதிகளாக்கி, எந்தத் தொகுதி ஒற்றை வாசிப்பு, எது இரட்டை வாசிப்பு என்று சமவாய்ப்பு முறையில் ஒதுக்கலாம். அப்போது வாசிப்பவருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் சோதிக்கப்படுவதே அந்த மனநிலைதான். ஒற்றை வாசிப்புத் தொகுதிகளையும், வாசிப்பு முழுதும் முடிந்து பூட்டப்பட்ட பிறகு, வேறு ஒருவர் படித்துவிடுவார். இதனால் தாய் மீளாய்வுக்கு இழப்பு இல்லை. அப்படி ஒரு பாதுகாப்பு வாசிப்பு இருக்கும் என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும், மறைப்பது நேர்மையன்று. இதனால் மனநிலை வேறுபாடு சற்று நீர்த்துப்போகும் என்பதை நான் மறுக்கவில்லை. தாய் மீளாய்வின் தரத்தைப் பணயம் வைக்காமல் இதைவிடத் தூய்மையான வடிவம் கிடைக்காது.

இன்னொன்று: எது "தகுதியுள்ள ஆய்வு" என்று தீர்மானிக்கும் அளவுகோல். இறுதிப் பட்டியலையே அளவுகோலாக வைத்தால், இரட்டை வாசிப்பு கண்டெடுத்தவையே அதில் கூடுதலாக இருக்கும். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் நிலை வந்துவிடும். இரு வகை வாசிப்பிலிருந்தும் பாதுகாப்பு வாசிப்பிலிருந்தும் மேலே வந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று அறியாதவர்கள் முழுக்கட்டுரையைப் படித்துத் தீர்மானிக்க வேண்டும். மேற்கோள் பட்டியல்களைத் துழாவிக் கிடைப்பவற்றையும் அதோடு சேருங்கள்.

முதல்வரைவு எழுதியது:

பதில்களுக்கு நன்றி. பாதுகாப்பு வாசிப்பு என்ற யோசனை எங்கள் குழுவில் இருந்த பெரிய அச்சத்தை நீக்குகிறது; தாய் மீளாய்வு பலவீனப்படுமோ என்றுதான் மூத்தவர்கள் தயங்கினார்கள்.

ஒரு நடைமுறைக் கேள்வி. எந்த மீளாய்விலும் முதல் சில நூறு சுருக்கங்களைப் படிக்கும்போது விதிகளே நெகிழ்ந்துகொண்டிருக்கும். "12 வயதுக்கு மேற்பட்டோர்" என்று எழுதியிருப்போம். 10 முதல் 40 வயது வரை சேர்த்த ஓர் ஆய்வு எதிரே வரும். கூடிப் பேசி ஒரு துணைவிதி சேர்ப்போம். அந்தக் காலத்தையும் ஆய்வில் சேர்ப்பதா?

சமவாய்ப்பு எழுதியது:

சேர்க்க வேண்டாம். முதலில் ஒரு முன்னோட்டத் தொகுதியை எல்லோரும் படித்து, கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்த்து, விதிகளை உறுதிசெய்த பிறகு ஒதுக்கீட்டைத் தொடங்குங்கள். நீங்கள் அறிய விரும்புவது பண்பட்ட குழு எப்படி வாசிக்கிறது என்பதை. விதிகள் உருவாகும் கட்டம் வேறொரு கேள்வி. தொகுதிகளைப் பிரிக்கும்போது வெளியான ஆண்டுவாரியாக அடுக்கி ஒதுக்குங்கள். பழைய கட்டுரைகளுக்குப் பல சமயம் சுருக்கமே இருக்காது, அவை ஒரே பக்கம் குவிந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

நேரத்தை அளப்பதிலும் கவனம் தேவை. மென்பொருள் தரும் நேரப்பதிவு, திரையைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனவரையும் வாசித்தவராகவே எண்ணும். ஒரு பதிவுக்கு இவ்வளவு நிமிடத்துக்கு மேல் போனால் அது இடைவேளை என்று முன்கூட்டியே வரையறுத்து, திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

அட்டவணைக்காரர் எழுதியது:

வடிகட்டலைப் பற்றியே பேச்சு போகிறது. மீளாய்வின் முடிவை உண்மையில் புரட்டிப்போடும் தவறுகள், கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்து எழுதும் தரவெடுப்பில்தான் நிகழ்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். நிதானி அவர்கள் கேட்ட மூன்றாம் கேள்விக்கும் இங்கேதான் நேரான விடை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கட்டுரையின் அட்டவணையில் "12.4 ± 1.1" என்று இருக்கிறது, குழுவில் 64 பேர். அந்த 1.1 திட்ட விலக்கமா (ஆட்களிடையே உள்ள பரவல்), திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று அட்டவணையில் எங்கும் எழுதவில்லை. புள்ளியியல் முறைகள் பகுதியின் கடைசி வரியில் மட்டும் "மதிப்புகள் சராசரி மற்றும் திட்டப் பிழையாகத் தரப்பட்டுள்ளன" என்று இருக்கிறது. அப்படியானால் திட்ட விலக்கம் 1.1 பெருக்கல் 8 (64-ன் வர்க்கமூலம்), அதாவது 8.8. அவசரத்தில் இரு குழுக்களுக்கும் இப்படியே திட்டப் பிழையைத் திட்ட விலக்கமாக எழுதிவிட்டால், அந்த ஆய்வின் மாறுபாடு 64 மடங்கு சிறுத்துவிடும். மாறுபாடு குறைந்த ஆய்வுக்கு அதிக எடை தரும் நிலை விளைவு மாதிரியில் அதன் எடை அதே 64 மடங்கு ஏறி, மற்ற எல்லா ஆய்வுகளையும் அது ஒன்றே விழுங்கிவிடும். வடிகட்டலில் ஒரு சிறு ஆய்வு நழுவினால் ஒன்றும் ஆகாமல் போகலாம். இங்கே ஒரே ஒரு கட்டத்தில் விழுந்த ஓர் எண் முழு முடிவையும் இழுத்துச் செல்கிறது.

புசேமி முதலானோர் 2006-ல், ஒருவர் எடுத்து இன்னொருவர் சரிபார்ப்பதையும் இருவர் தனித்தனியே எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். முதல் வழியில் பிழைகள் 21.7 சதவீதம் அதிகம். நேரமோ 36 சதவீதம் குறைவு. தொகுத்த மதிப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை. இதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் இரு தரப்பும் வாதாடுகின்றன. இதே ஒப்பீட்டை வெவ்வேறு துறைகளின் மீளாய்வுகளுக்குள் மீண்டும் மீண்டும் செய்தால்தான் இந்த வாதம் தீரும்.

எந்திரத் துணை பற்றியும் சொல்ல வேண்டும். பெருமொழி மாதிரி எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு தரவெடுப்பதை, நடந்துகொண்டிருந்த 6 மீளாய்வுகளுக்குள்ளேயே வைத்துச் சோதித்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. மாதிரி எடுத்ததை மனிதர் சரிபார்த்தபோது துல்லியம் 91 சதவீதம். மனிதர் மட்டும் செய்தபோது 89 சதவீதம். கருவி செய்பவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த கட்டுரைகளில் பெறும் மதிப்பெண்ணைவிட, வேலை நடக்கும் இடத்திலேயே எடுத்த இந்த எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். இப்படிப்பட்ட கருவிகள் விரைவாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சோதிக்கும் நிலையான ஏற்பாடு மீளாய்வுக் குழுக்களிடம் இல்லாவிட்டால், விளம்பரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க நேரும்.

நிதானி எழுதியது:

அட்டவணைக்காரர் காட்டிய எடுத்துக்காட்டை ஏற்கிறேன். விளைவளவாகப் பிழையின் எண்ணிக்கையோடு தொகுத்த மதிப்பில் நேரும் மாற்றத்தையும் சேர்த்து அளந்தால் என் மூன்றாம் தயக்கத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சமவாய்ப்பு அவர்களின் தொகுப்பு வாதமும் நியாயமானது. ஆனால் அது நடக்க வேண்டுமானால், முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிட வேண்டும். "வேறுபாடு காணப்படவில்லை" என்று முடிந்த முறையியல் ஆய்வுகள் இழுப்பறையிலேயே கிடந்தால், வெளியீட்டுச் சார்பைக் கண்டிக்கும் நாமே அதைச் செய்தவர்கள் ஆவோம்.

சுமை பற்றிய தயக்கம் மட்டும் எனக்கு மாறவில்லை. இரட்டை வாசிப்பில் நேரத்தைச் சேமிக்கலாமா என்று அறிய, பாதுகாப்பு வாசிப்பு, மறைத்த தீர்மானம், நேரக் கணக்கு என்று மூன்று வேலைகள் கூடுகின்றன. சிறிய குழுக்கள் இதை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆள்பலமும் புள்ளியியலாளரும் உள்ள குழுக்கள் செய்யட்டும்.

கடிதப்பொறுப்பு எழுதியது:

நிதானி அவர்களின் கடைசி வரியோடு நான் உடன்படவில்லை. சிறிய குழுவுக்கும் ஏற்ற கேள்விகள் உண்டு. எங்கள் குழுவில் மூலக் கட்டுரையாளர்களுக்கு எழுதி, வெளியிடப்படாத தரவைக் கேட்கும் பொறுப்பு என்னுடையது. பலர் பதில் தருவதே இல்லை. என்ன வேண்டும் என்று இரண்டு வரியில் கேட்கும் மின்னஞ்சல் நல்லதா, நிரப்ப வேண்டிய அட்டவணையை இணைத்து விரிவாகக் கேட்பது நல்லதா? இதை அறிய நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இரண்டில் ஒன்றை அனுப்பினாலே போதும். எப்படியும் அனுப்பப்போகும் மின்னஞ்சல்தானே. கூடுதல் வேலை என்பது யாருக்கு எது போனது, எப்போது பதில் வந்தது, கேட்டது முழுதும் கிடைத்ததா என்று குறித்து வைப்பது மட்டுமே. ஒரே எச்சரிக்கை: ஒதுக்கீட்டின் அலகு கட்டுரையன்று, கட்டுரையாளர். ஒருவருடைய இரண்டு கட்டுரைகள் சேர்ந்திருந்தால் அவருக்கு இரு வகைக் கடிதமும் போய்விடக் கூடாது.

ஓர் ஆய்வின் முடிவு ஒருபக்கம் சாய்ந்திருக்கும் வாய்ப்பை எடைபோடும் சார்பு அபாய மதிப்பீடும் இப்படித்தான். அதற்கென 2019-ல் வந்த 'ஆர்ஓபி 2' என்ற இரண்டாம் பதிப்புக் கருவியைப் பயன்படுத்தியவர்களிடையே ஒட்டுமொத்தத் தீர்ப்பில் உடன்பாடு மிகக் குறைவாக, காப்பா 0.16 அளவில் (முழு உடன்பாடு என்றால் 1) இருந்ததை மினோசி குழுவினர் 2020-ல் காட்டினார்கள்; அந்த மீளாய்வுக்கென்றே ஒரு செயல்விளக்கக் குறிப்பை எழுதிக்கொண்ட பிறகு உடன்பாடு கூடியது என்று பின்னர் எழுதினார்கள். எவ்வளவு விரிவான குறிப்பு தேவை என்பதை எந்தக் குழுவும் தன் பயிற்சிக் கட்டத்திலேயே சோதிக்கலாம்.

முதல்வரைவு எழுதியது:

குழுவோடு பேசிவிட்டேன். வடிகட்டல் ஆய்வை முன்னோட்டத்துக்குப் பிறகு, ஆண்டுவாரியாக அடுக்கிய தொகுதிகளில் நடத்துகிறோம். விளைவளவுகள் மூன்று: தவறிய தகுதியுள்ள ஆய்வுகள், ஒரு பதிவுக்கான நேரம், தவறியவற்றை நீக்கினால் தொகுத்த மதிப்பில் ஏற்படும் மாற்றம். கட்டுரையாளர்களுக்கான இருவகை மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்கிறோம். அது சுமையே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தரவெடுப்பை இம்முறை தொடவில்லை. ஒரே மீளாய்வில் எல்லாவற்றையும் சோதிக்கப் போனால் நிதானி அவர்கள் அஞ்சியதுதான் நடக்கும். மூலத்தளக் களம் திறந்தாயிற்று. களஞ்சியத்தில் இதற்கு நெருக்கமான திட்டம் இருக்கிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருந்தால் அதன் விளைவளவு வரையறைகளை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு கேள்வி. ஒதுக்கீட்டுப் பட்டியலை யார் வைத்திருப்பது? எங்கள் குழுவில் வடிகட்டலில் பங்கேற்காதவர் ஒருவரும் இல்லை.

சமவாய்ப்பு எழுதியது:

குழுவுக்கு வெளியே ஒருவர் உருவாக்கி வைத்திருக்கட்டும். ஒரு தொகுதியைத் திறக்கும் கணத்தில்தான் அது எந்த வகை என்பது தெரிய வேண்டும். அடுத்த தொகுதி என்னவென்று எவரும் ஊகிக்க முடியாதபடி ஒதுக்கீட்டை எத்தனை எத்தனை தொகுதிகளாகச் சமன்செய்வது என்ற அளவை மாற்றி மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அந்தப் பட்டியலை நானே உருவாக்கித் தருகிறேன். தொகுதிகளின் எண்ணிக்கையையும் ஆண்டு அடுக்குகளையும் முடிவுசெய்து தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

தேடல்நூலகர் எழுதியது:

தேடல் வரிகளை இறுதியாக்கும் முன் இன்னொரு நூலகரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். தேடலிலேயே சிக்காத ஆய்வை ஒற்றை வாசிப்பும் கண்டெடுக்காது, இரட்டை வாசிப்பும் கண்டெடுக்காது. அந்த இழப்பு உங்கள் ஒப்பீட்டின் எந்தக் கட்டத்திலும் தெரியவே தெரியாது. நான் பார்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.